நாத்தனாரின் அலமாரி

அந்தப் பென்சில் ஆலையில் அவளை எல்லோரும் துப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் முதல் நாள் திகைத்துப் போவார்கள். இவ்வளவு மரியாதையான பெண்மணியை ஏன் வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிறார்கள் என்று. பிறகுதான் விஷயம் புரியும். ஆலைக்கு வேண்டியதை எல்லாம் வாங்கிப் போடும் கொள்முதல் பிரிவு அவள் பொறுப்பு. எங்கும் கிடைக்காத சாமானையும் எப்படியாவது துப்புத் துலக்கிக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வந்த பெயர் அது. யாரும் இப்போது செய்யாத பெல்ட், கம்பெனியே இழுத்து மூடிவிட்ட மோட்டார், அளவு யாருக்கும் தெரியாத மரை, எதுவாக இருந்தாலும் "அக்காகிட்ட சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கே தண்ணி காட்டிய சாமான் ஒன்று உண்டு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கார்டு.

வண்ணப் பென்சில்களைப் பெட்டியில் அடைக்கிற இயந்திரத்துக்கு மூளை ஒரு பழைய பி.எல்.சி., அதாவது இயந்திரங்களை ஓட்டுவதற்கென்றே செய்த ஒரு சின்னக் கணினி. ஒரு இரும்புப் பெட்டிக்குள் புத்தகம் அடுக்கியது போல வரிசையாகக் கார்டுகள் நிற்கும். வெளியே பன்னிரண்டு குழாய்கள், குழாய்க்கு ஒரு நிறம். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு சின்னக் கதவு. அட்டைப்பெட்டி கீழே வந்து நிற்கும்போது எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது அந்தக் கார்டுகளின் வேலை. அதைச் செய்த நிறுவனம் அந்த மாடலை எப்போதோ தலைமுழுகிவிட்டது. ஆலையில் வேலை செய்பவர்களில் பாதிப் பேரை விட அதற்கு வயது அதிகம். இருந்தாலும் எப்படியோ ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் பருவம் நெருங்கிய சமயத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, நீலக் கதவும் பச்சைக் கதவும் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டன.

மின் பொறியாளர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். இவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பல்பு எரியவில்லை என்றாலும் "முடிஞ்சுது" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் 'முடிஞ்சுது சார்'. சொன்ன பிறகு பழுதைச் சரி செய்யாமல் போனதும் கிடையாது.

"முடிஞ்சுது," என்றார். "இந்த ரெண்டு கதவையும் திறக்கச் சொல்ற அவுட்புட் கார்டு போச்சு. காலியா இருந்த இணைப்புக்கெல்லாம் ஏற்கெனவே மாத்தி மாத்தி ஓட்டியாச்சு. இனி மாத்த இடமில்ல. ரிப்பேர் பண்ணலாம்னா இதுக்குள்ள இருக்கிற சிப்பே இப்ப வர்றதில்ல."

"ஸ்பேர்?" என்றார் மேலாளர்.

"இதுதான் சார் அந்த ஸ்பேர்."

எல்லோரும் ஒரே நேரத்தில் துப்பக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இயந்திரத்தை நிறுத்த முடியாது. மற்றப் பத்து நிறங்களையும் அது போடட்டும், நீலத்தையும் பச்சையையும் கையால் போடுவோம் என்று முடிவானது. பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தினார்கள். கணக்குப் பிரிவு, காவலாளி, கடைசியில் மேலாளரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். அப்படியும் ஒன்றிரண்டு பெட்டிகள் நீலமும் பச்சையும் இல்லாமல் தப்பிப் போய்க்கொண்டே இருந்தன. தரம் பார்க்கும் அம்மா அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "வானமும் கிடையாது, மரமும் கிடையாது. பிள்ளைங்க என்னத்த வரையும்? பாலைவனமா?" என்று கேட்டதும், பெல்ட்டின் இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்க நேரமானது.

துப்பக்கா வேலையைத் தொடங்கினாள். முதலில் செய்தவர்களையே பிடித்தாள்.

"மேடம், அந்த மாடல் எங்க லிஸ்ட்லயே இல்லியே," என்றது போனில் ஒரு இளங்குரல்.

"இல்லங்கிறதாலதான் தம்பி உங்களுக்கே போன் பண்றேன்."

"புது சிஸ்டமா மொத்தமா மாத்திக்கலாம் மேடம். ரொம்ப நல்லா இருக்கும்."

"மாத்த எவ்வளவு நாளாகும்?"

"அடுத்த வருஷம் இதே சமயத்துக்குள்ள கண்டிப்பா முடிச்சுக் கொடுத்துடலாம்."

"பிள்ளைங்க இந்த வருஷமே ஸ்கூலுக்குப் போகுதே தம்பி!"

அந்தத் தம்பி பாவம், மனமார வருத்தப்பட்டு போனை வைத்தான்.

அடுத்து பழைய மின் சாமான் விற்பவர்கள், மூடிய ஆலைகளின் சாமானை ஏலத்தில் எடுப்பவர்கள், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்து இணையத்தில் கடை விரித்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. பலர் கையை விரித்தார்கள். ஒருவன் மட்டும் கண்ணாடி போல மின்னும் படத்தோடு, "இருக்கு, புத்தம் புதுசு, பெட்டி கூடப் பிரிக்கல" என்றான். எண்ணைக் கேட்டாள். அதன் முடிவில் இருக்க வேண்டிய 'பி' எழுத்து உட்பட எண் சரியாக இருந்தது. வாரக் கடைசிக்குள் கார்டு வந்து சேர்ந்தது. பஞ்சு போன்ற உறைக்குள் ராஜாப் பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

முடிஞ்சுது சார் அதைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு எண் எழுதிய இடத்தைக் கட்டை விரலால் லேசாகத் தேய்த்தார். 'பி' உரிந்து வந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அடியில் பழுப்பேறிய ஒரு 'ஏ' சிரித்தது.

"ஏ போட்டா என்னங்க ஆகும்?" என்றாள் துப்பக்கா, தெரிந்தும் தெரியாததுபோல.

"அதோட வோல்ட்டேஜே வேற. போட்டா, புகைதான்."

விற்றவனுக்குப் போன் போட்டாள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. ஆசாமி கம்பி நீட்டிவிட்டான். துப்பக்காவுக்குத் தன் வேலையில் இப்படி ஒரு அடி விழுந்து வெகு காலமாகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை செத்துப்போன கார்டை ஒரு பளபளப்பான பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். சும்மா பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்றுதான். சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்திலேயே அதை வைத்தாள்.

அவள் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு பொருள் தூசியோடு மேசைக்கு வந்தால் அவருக்குப் பொறுக்காது. "இது என்னது, சாப்பிடற இடத்துல?" என்றார்.

"உலகத்துல எங்கயுமே கிடைக்காத பொருள்," என்றாள் அவள்.

கல்லூரியில் படிக்கிற மகள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இதா? அத்தை அலமாரியில மூணோ நாலோ இருக்கே!" என்றாள்.

சொன்ன பிறகுதான் மகளுக்குத் தான் உளறியது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை என்றால் கணவரின் சொந்த அக்கா, துப்பக்காவின் நாத்தனார். நகரத்தின் பெரிய நாடக அரங்கில் மேடை இயந்திரங்களுக்கு எல்லாம் தலைமைப் பொறியாளர். சுழலும் மேடை, ஏறி இறங்கும் திரை, கீழிருந்து ஆளைத் தூக்கி வரும் மேடைத்துண்டு எல்லாம் அவர் கைக்குள். அந்த வீட்டில் சில வருடமாக அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை. காரணம், கேட்டால் சிரிப்புதான் வரும். தம்பி கடையின் பின்னறையில் அக்கா சில மரப்பெட்டிகளை வைத்திருந்தார். பழைய மோட்டார்கள், சுவிட்சுகள், ஒரு ஏலத்தில் ஆசை ஆசையாக எடுத்தவை. தம்பிக்கு அது குப்பையாகத் தெரிந்தது. ஒரு நாள் இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டார். அக்கா வந்து வெறும் தரையைப் பார்த்தார். அன்று திரும்பிப் போனவர்தான்.

"நீ எப்ப அங்க போன?" என்றார் கணவர்.

"சனிக்கிழமைல போவேன்ப்பா. ஒத்திகை பார்க்க விடுவாங்க." மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாட்டிக்கொண்ட பிறகு பயந்து என்ன பயன் என்று நினைத்திருக்க வேண்டும். "அத்தை உங்களைப் பத்தியும் விசாரிப்பாங்க. 'உங்கப்பன் இன்னும் எதையாவது தூக்கிப் போட்டுக்கிட்டேதான் இருக்கானா'ன்னு."

கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மீதிச் சாப்பாட்டை மகா மரியாதையோடு சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் துப்பக்கா யாரிடமும் சொல்லாமல் நாடக அரங்குக்குப் போனாள். நாத்தனார் சுழல் மேடைக்கு அடியில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய பல் சக்கரத்துக்கு முன்னால் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அதைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாம்மா. வழி தெரிஞ்சுதா?"

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"மேடை நல்லா சுத்துது. அது சுத்துற வரைக்கும் நானும் நல்லா இருப்பேன். விஷயத்தைச் சொல்லு, நீ சும்மா வர்ற ஆளில்ல."

துப்பக்கா பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அடிபட்ட குருவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அடடா. இதுக்கா அலையற? வா."

அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரி. சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் தெளிவான எழுத்தில் சீட்டு. சுழல் மேடையை ஓட்டுவதும் அதே இனத்துப் பி.எல்.சி.தான் என்று அப்போதுதான் துப்பக்காவுக்குத் தெரிந்தது. ஒரு குளிர்பானத் தொழிற்சாலை மூடப்பட்டபோது அங்கிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகளை எல்லாம் நாத்தனார் தன் சொந்தச் செலவில் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நான்கு கார்டுகள். நான்கிலும் 'பி', உரியாத 'பி'. துப்பக்காவுக்குத் தன்னை மறந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"அண்ணி, என்ன விலைன்னாலும் கம்பெனி…"

"விக்கிறதில்ல. கடனாத் தரேன். உங்க சிஸ்டத்தை மாத்துற அன்னிக்குத் திருப்பிக் கொடு." இழுப்பறையை மெல்ல மூடினார். "ஆனா உன் கையில தர மாட்டேன். என் தம்பி வந்து வாங்கிட்டுப் போகட்டும்."

"அண்ணி, அவரைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?"

"உனக்கு முன்னாலயே தெரியும். அதனாலதான் சொல்றேன். பழைய கார்டைத் தேடிக் கண்டுபிடிச்சுட்ட. அவனைக் கூட்டிட்டு வர்றது உனக்குப் பெரிய காரியமா?"

துப்பக்கா சிரித்துக்கொண்டே படியேறினாள். ஆனால் வெளியே வந்ததும், கார்டே சுலபம் போலிருக்கிறதே என்று தோன்றியது.

வீட்டில் சொன்னாள். கணவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். "எனக்கும் உங்க ஃபேக்டரிக்கும் என்ன சம்பந்தம்?" என்றது செய்தித்தாள்.

அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சண்டை போட்டால் அவர் இன்னும் இறுகிப்போவார் என்பது அவளுக்கு அத்துபடி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலையில் எல்லோருடைய குடும்பத்தையும் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "கடைக்கு லீவுதானே, வாங்களேன். நாலு மனுஷங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்," என்றாள். இதில் மறுக்க எதுவும் இல்லாததால் அவர் கிளம்பினார்.

பெல்ட்டின் ஓரத்தில் நீலப் பென்சில் போடும் இடத்தில் அவரை நிறுத்தினார்கள். பக்கத்துத் தட்டில், இயந்திரத்தின் குழாயில் நிரப்புவதற்காக ஊதா இருந்தது. முதல் பத்து நிமிடம் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டார். அதற்குப் பிறகு, எந்தத் தட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதில் கை குழம்ப ஆரம்பித்தது. தரம் பார்க்கும் அம்மாவிடமிருந்து பெட்டிகள் கூடை கூடையாகத் திரும்பி வந்தன.

"இது யாரு போட்டது? ரெண்டு ஊதா இருக்கு, நீலத்தைக் காணோம்!"

"கண்ணாடிக் கடைக்காரர்," என்று யாரோ காட்டிக் கொடுத்தார்கள்.

"ஐயா, ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கறீங்களே, உங்க கண்ணை யாருங்க பார்க்கறது?"

பெல்ட்டே குலுங்கியது. முடிஞ்சுது சார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கணவரும் சிரித்துத்தான் பார்த்தார். அவருக்கு எதிரே மேலாளரின் வயதான மாமனார் பச்சைப் பென்சிலை ஒவ்வொன்றாக, நடுங்கும் கையால், ஆனால் ஒரு தப்பும் இல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்க ஒரு தரம் நிமிர்ந்து, கையைப் பின்னால் ஊன்றி, மறுபடி குனிந்தார். கணவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு பெட்டி நீலம் இல்லாமலே அவரைக் கடந்து போனது.

கையைத் தட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"அவ இன்னிக்கு அங்க இருப்பாளா?"

"சாயங்காலம் நாடகம் இருக்கு. கண்டிப்பா இருப்பாங்க."

"சரி, வண்டியை எடு. நான் ஓட்டினா பாதியில திருப்பிடுவேன்."

வழி நெடுக அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கவனிக்காததுபோல் ஓட்டினாள்.

நாத்தனார் மேடையின் நடுவில் நின்று விளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி படியேறி வந்து, பத்தடி தள்ளி நின்றார். தயார் செய்த பேச்சு முழுதும் எங்கேயோ ஓடிப்போய்விட்டது.

"அக்கா," என்றார். தொண்டையைச் செருமினார். "தப்பு என் மேலதான்."

"என்னது? மோட்டார் சத்தத்துல சரியாக் கேக்கல."

மோட்டார் எதுவும் ஓடவில்லை. மேடை ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதியில் இருந்தது.

"தப்பு என் மேலதான்க்கா. உன்னைக் கேக்காம கொடுத்திருக்கக் கூடாது. அது எனக்குக் குப்பை, உனக்கு இல்லன்னு நான் யோசிக்கவே இல்ல."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கணும். இது நாடக மேடை."

"அக்கா!"

நாத்தனார் அடக்கி வைத்த சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அது கிரீஸ் கை என்பதால் கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. தம்பி, கடையில் கண்ணாடி துடைக்கிற துணியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இந்தத் துணியையா? நாசமாயிடும்டா," என்றார் அக்கா. "போனா போகட்டும். ஒண்ணுதானே," என்றார் தம்பி. அதைக் கேட்ட பிறகுதான் அக்கா துணியை வாங்கித் துடைத்துக்கொண்டார்.

பிறகு அக்கா ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். தம்பியை நடுவில் நிற்க வைத்து மேடை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. பாதிச் சுற்றிலேயே தம்பி இரண்டு கையையும் விரித்து, "போதும்க்கா, தலை சுத்துது!" என்று கத்தினார். சிறு வயதில் ராட்டினத்திலும் இவன் இப்படித்தான் கத்துவான் என்று நாத்தனார் துப்பக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு சுற்றும் விட்டார்.

கார்டை அவரே தம்பியின் இரு கைகளிலும் வைத்தார். ஒன்றல்ல, இரண்டு. "ஒண்ணு போட, ஒண்ணு ஸ்பேருக்கு. கீழ போட்டே, இந்தத் தடவை நிஜமாப் பேச மாட்டேன்."

ஆலைக்குத் திரும்பியபோது எல்லோரும் இன்னும் பெல்ட்டில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். முடிஞ்சுது சார் கார்டை வாங்கி, முதல் வேலையாக 'பி'யைத் தேய்த்துப் பார்த்தார். அது அசையவில்லை. பழைய கார்டின் பின்புறம் இருந்த பொடிச் சுவிட்சுகள் எப்படி இருந்தன என்று அவர் முன்கூட்டியே படம் எடுத்து வைத்திருந்தார். ஒரு ஊசியால் புதியதிலும் அப்படியே நகர்த்தி வைத்து, உள்ளே செருகினார். மின்சாரம் கொடுத்தார். கார்டின் முகத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை. பொத்தானை மட்டும் அழுத்தினார். நீலம் விழுந்தது. பச்சை விழுந்தது. பெல்ட் வேகம் பிடித்தது, ஓரத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். மேலாளரின் மாமனார் அப்போதும் கையில் ஒரு பச்சைப் பென்சிலோடு, இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் சரக்கு முழுதும் கிளம்பிப்போனது. அடுத்த வருட விடுமுறையில் புது சிஸ்டம் போடலாம் என்று மேலாளர் கையெழுத்துப் போட்டார். கழற்றப்போகும் பழையதை, கடன் வாங்கிய கார்டுகளோடு சேர்த்து, நாடக அரங்குக்கே கொடுத்துவிடுவது என்பதும் முடிவானது. அந்தச் செய்தியைச் சொன்னபோது நாத்தனார் போனில், "அந்த இரும்புப் பெட்டிக் கதவோட சாவியும் சேர்த்துத்தானே?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்து, தம்பியின் கடையைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பின்னறையில், கண்ணாடி வில்லையை வட்டமாகத் தேய்க்கிற பழைய இயந்திரம் ஒன்று நின்றது. நாத்தனார் அதன் பக்கவாட்டு மூடியைத் தட்டிப் பார்த்தார். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் வந்த வெளிச்சம் துப்பக்காவுக்கு நன்றாக அடையாளம் தெரியும். தனக்கும் அடிக்கடி வருவதுதான்.

"இதுல இருக்கிற மோட்டார் எங்கயும் கிடைக்காதே," என்றார் நாத்தனார்.

"அக்கா, அது நல்லா ஓடிக்கிட்டிருக்கு!" என்றார் தம்பி அவசரமாக, இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு.

"ஓடட்டும்டா, நல்லா ஓடட்டும். யாரு வேணாம்னா?" அவர் மூடியை இன்னொரு தரம் செல்லமாகத் தட்டினார். "என்னிக்காவது நின்னுச்சுன்னா முதல்ல எனக்குச் சொல்லு."